பெல்ட்டைப் பிடித்த கை

குளியலறையிலிருந்து தொம்மென்று ஒரு சத்தம். யாரும் கேட்பதற்கு முன்பே பதிலும் வந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல! சோப்பு டப்பா விழுந்துடுச்சு!"

எழுபத்தெட்டு கிலோ எடையுள்ள சோப்பு டப்பா. அடுப்பை அணைத்துவிட்டு அவர் மனைவி போய்ப் பார்த்தாள். டப்பா பலகையில் பத்திரமாக இருந்தது. அவர்தான் சுவரோரமாகத் தரையில் இருந்தார், அங்கே உட்காருவதற்கென்றே வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு. இந்த வருடத்தில் இது நான்காவது. ஒரு தடவை வாளி விழுந்தது, ஒரு தடவை துணிக்கூடை, ஒரு தடவை "ஏதோ பூனை". அவர் மட்டும் விழுந்ததே இல்லை.

அவள் கால்களை அகட்டி நின்று, அவருடைய அக்குளில் கைகொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். இடுப்பில் சுருக்கென்றது. அதுவும் எழுபத்தொரு வருடம் உழைத்த இடுப்பு.

"மெதுவா, மெதுவா! பனியன் கிழியுது பாரு" என்றார் அவர். அவருக்குப் பனியன் முக்கியம்.

முப்பத்தாறு ஆண்டுகள் வாகன இன்ஸ்பெக்டராக இருந்தவர். பஸ்ஸையும் லாரியையும் சுற்றிவந்து, சின்னச் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, சாலையில் ஓடலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பது வேலை. ஓய்வு பெற்றுப் பத்தொன்பது வருடமாகியும் அந்தச் சுத்தியல் நாக்குக்கு இடம் மாறியிருக்கிறதே தவிர ஓயவில்லை. காலையில் ஜன்னலோரம் நாற்காலியில் அமர்த்தப்பட்டதும் தெருவில் போகிறவர்களுக்குச் சோதனை தொடங்கிவிடும். மூச்சு வாங்குகிறவரைக் கண்டால், "சைலன்சர் போச்சு." தள்ளாடி வருகிறவரைக் கண்டால், "ஸ்டியரிங் ஆடுது, இதையெல்லாம் யார் ரோட்டுல விட்டது?" எதிர்வீட்டுக்காரர் கைத்தடி வாங்கிய அன்று இவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, ஸ்டெப்னியோட கிளம்பிட்டான்!"

அமர்த்தப்பட்டதும் என்றேன் அல்லவா? ஆமாம், அமர்த்தப்படுவார். கட்டிலிலிருந்து எழுப்புவதும் அவள், நாற்காலியில் இறக்குவதும் அவள், அதிலிருந்து கிளப்புவதும் அவள். ஒன்றரை வருடமாக இப்படித்தான். எல்லாரையும் உருட்டிப் பார்த்த அந்த மகாராஜாவின் கண்ணுக்கு, தன்னைத் தள்ளிக்கொண்டு போகிறவள் மட்டும் இதுவரை தட்டுப்படவில்லை.

இன்றைக்கு அவருக்கே சோதனை. சுகாதார நிலையத்து நர்ஸ், எழுபத்தைந்து தாண்டியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறாள். வெளியூரில் இருக்கும் மகன் போனில் சொல்லிவிட்டான்: "நர்ஸ் என்ன எழுதுறாங்களோ அதுதாம்ப்பா. தெம்பு இல்லைன்னு எழுதினா முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்." அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. சோதனை நாளன்று மட்டும் லாரிக்குப் புதுப் பெயின்ட் அடித்துக் கொண்டுவருகிற முதலாளிகளைக் காறித் துப்பியவர், நேற்றுத் தலைக்கு மை அடித்துக்கொண்டார். எதிர்வீட்டில் போன வாரமே சோதனை முடிந்திருந்ததால் என்னென்ன செய்யச் சொல்வார்கள் என்றும் விசாரித்து வைத்திருந்தார்.

"ஸ்டூல்ல இருந்து அஞ்சு தடவை கையை ஊனாம எந்திரிக்கணுமாம். நீ பின்னாடி நின்னு துணி மடிக்கிற மாதிரி மடி. நான் எந்திரிக்கும்போது பெல்ட்டைப் பிடிச்சு ஒரு தூக்கு. அவ கண்ணு கடிகாரத்துலதான் இருக்கும்."

"எனக்கு இடுப்பு விட்டுப் போகுதுங்க."

"அஞ்சே தடவைதானே! என்னமோ மலையைத் தூக்கச் சொன்ன மாதிரி."

இன்னும் ஒரு மாதம் இப்படியே தூக்கினால் அடுத்து விழப்போவது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். விழுந்தால் அவளைத் தூக்க யாருமில்லை என்பதும் தெரியும். நர்ஸிடம் சொல்லிவிடலாம். சொன்னால், இவரை இல்லத்துக்கு அனுப்பிய பழி தன் தலையில் விழுமே! கண்ணைத் துடைத்துக்கொண்டு துணிகளை எடுத்து வைத்தாள்.

நர்ஸ் வந்தாள். இளம்பெண்தான், ஆனால் கண்கள் துறுதுறுவென்று இருந்தன. முதலில் பிடியின் பலம் பார்க்கும் ஒரு கருவியைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அவர் பல்லைக் கடித்து, முகம் சிவக்க அமுக்கினார்.

"பதினெட்டு. கொஞ்சம் கம்மிதான், ஐயா."

"மெஷின் சரியில்லம்மா. ஸ்பிரிங் பழசு. எண்ணெய் விட்டியா?"

"போன வாரம்தான் புதுசா வந்தது. சரி, இந்த ஒரு வருஷத்துல எங்கயாவது விழுந்தீங்களா?"

"நானா? இந்த வீட்டுல விழறது பூராவும் சாமான்தான். இவ எதையும் நேரா வைக்க மாட்டா."

மனைவி துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

ஸ்டூல் வந்தது. அவர் அமர்ந்தார், மார்பின் மேல் கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டார். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து, "ம், ஆரம்பிங்க" என்றாள். மனைவியின் கை பெல்ட்டுக்குள் நுழைந்தது. ஒன்று. அவர் ராஜா மாதிரி எழுந்தார். இரண்டு. நர்ஸைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தார். பின்னால் அவளுக்குக் கண் இருட்டியது, நெற்றி வியர்த்தது.

மூன்றாவது தடவைக்கு அவர் முன்னால் சாய்ந்தபோது, அவள் கை விலகிக்கொண்டது. வலியா, வைராக்கியமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அவர் பாதி எழுந்தார். முழங்கால்கள் வெடவெடவென்று ஆடின. தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏய், என்ன பண்ற நீ?" என்று பின்னால் திரும்பிச் சீறினார். சீறிய பிறகுதான், தானே காட்டிக்கொடுத்துவிட்டது அவருக்கு உறைத்தது.

நர்ஸ் கடிகாரத்தை நிறுத்தினாள். "எத்தனை நாளாம்மா இவரைத் தூக்குறீங்க?"

"ஒன்றரை வருஷம்." அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "நாலு தடவை விழுந்தாரு. நாலும் குளியலறையில. இன்னிக்குக் காலையிலகூட."

"துரோகி" என்றார் இன்ஸ்பெக்டர், சுவரைப் பார்த்து.

"ஐயா, உங்களை எங்கயும் அனுப்பச் சொல்லி எழுத நான் வரல. இதே வீட்டுல நீங்க இருக்கணும்னா உண்மை தெரியணும். இவங்க தூக்கத் தூக்க உங்க காலு வேலையை மறந்துடுச்சு. குளியலறையில பிடி வைப்போம். தினமும் நீங்களாவே எந்திரிச்சுப் பழகணும். அம்மா, நீங்க இனிமே தூக்கவே கூடாது. கையையும் கொடுக்காதீங்க. நாளைக்கே நிலையத்துக்கு வாங்க, உங்க இடுப்பைப் பார்க்கணும்." வாசலில் நின்ற தன் வண்டியிலிருந்து, பிடித்துக்கொண்டு நடக்க உதவும் நான்கு கால் நடைச்சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்தாள்.

"யாராவது வயசானவங்களுக்குக் கொடும்மா" என்றார் அவர்.

நர்ஸ் கிளம்பியதும் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மேஜையைப் பிடித்து, எப்படியோ முக்கி எழுந்து, சுவரைத் தடவித் தடவி வாசல்வரை போனார். "போயிட்டு வாம்மா, பாத்துப் போ, படி உயரம்" என்று அவளுக்கே எச்சரிக்கை சொன்னார். கதவைத் தானே சாத்தினார்.

சாத்திய கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். கால் நடுங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை, கூப்பிடவுமில்லை. வலது கை மட்டும் பின்னால் நீண்டு, விரல்களை விரித்துக் காத்திருந்தது.

மனைவி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நடைச்சட்டத்தைக் காலால் தள்ளித் தள்ளி, அந்த விரல்களில் இடிக்கும்வரை கொண்டுபோய் நிறுத்தினாள்.