அரசியின் காலில் வெள்ளை

தில்லைநாயகி அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, குனிந்து விளைமீனின் கண்ணைப் பார்க்கிறார். தொடமாட்டார். பாரிஸ் லாச்சப்பலில் என் மீன்கடைக்கு வரும் சனம் மீனை அமத்திப் பார்க்கும், மணந்து பார்க்கும், சிலது விரலைச் செவுளுக்குள்ளேயே விடும். இவர் ஒருவர்தான் மீனைத் தூக்கிக் காட்டும்படி என்னிடம் சொல்வார்.

"செவுளைத் திறவும். மற்றப் பக்கம். லைட்டுக்குக் கிட்டப் பிடியும் தம்பி."

"இண்டைக்கு விடியத்தான் வந்தது, அக்கா."

"நேற்று நிண்டவரும் இதைத்தான் சொன்னவர்."

நேற்று நின்றவனும் நான்தான்.

அக்காவின் வீடு பக்கத்தில், மார்க்ஸ் டோர்மோயில். வேலை, கால்வாய்ப் பக்கத்தில் ஒரு நிலவறைக் கண்காட்சியில். எகிப்து அரசி நெஃபர்தாரியின் கல்லறையை அங்கே அச்சு அசலாகச் செய்து வைத்திருக்கிறார்கள். கல்லுச் சுவரிலேயே சாந்து பூசி வரைந்தது. நீல முகட்டில் மஞ்சள் நட்சத்திரங்கள், அதன் கீழே வெள்ளை உடுப்பில் அரசி. ஒருவரும் தொடாமல் பார்ப்பதுதான் அக்காவின் வேலை. தன் கையைக் கட்டினால்தான் மற்றவனைக் கை கட்டச் சொல்லலாம் என்பார். அந்தக் கட்டு இப்போது மீன்கடையிலும் அவிழ்வதில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று அவர்களுக்கு ஒரு பாடம் நடந்ததாம். எகிப்தில் உள்ள அசல் கல்லறையின் பாறைக்குள் உப்பு இருக்கிறது. ஈரம் பட்டால் அது வெளியே கிளம்பி, பொருமி, சித்திரத்தைச் சாந்தோடு தள்ளி விழுத்தும். பார்க்க வருகிறவனின் மூச்சும் வியர்வையும்கூட ஈரம்தான். விழப்போன துண்டுகளை மெல்லிய கடதாசி ஒட்டிப் பிடித்து, வருடக்கணக்கில் இருந்து திருத்தினார்களாம். அன்றிலிருந்து அக்காவுக்கு எவன் வாய் மூச்சிலும் நம்பிக்கை இல்லை.

"கொட்டாவி விடுறான் தம்பி, அவவின்ர மூஞ்சைக்கு நேர!"

"அது நகல்தானே அக்கா?"

"அப்பிடித்தான் சொல்லுறாங்கள். நகலுக்கு ஆர் சம்பளம் குடுத்துக் காவல் வைப்பான்?"

எங்கள் ஆட்கள்தான் மோசமாம். சித்திரத்தில் பெண்ணைக் கண்டால் போதும், காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப் போவார்கள். "கையை எடும்! உது கோயில் இல்லை!" அக்கா போட்ட அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஒரு வெள்ளைக்காரி குடையைக் கீழே போட்டாளாம்.

ஆனால் எனக்கு இவரிலேயே சந்தேகம். நெற்றியில் மூன்று குறி, சுண்ணாம்பு அடித்த மாதிரித் திருநீறு. வேலை முடிந்து வெளிக்கிடும்போது அரசிக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வருவதை நானே ஒருமுறை கண்டேன்.

"அவ கும்பிடுறா. பாருங்கோவன்," என்றாள் என் மனைவி இராசமலர்.

போன கிழமை அரசியின் காலில் வெள்ளைப் பொடி இருந்தது. துடைத்தார்கள். திரும்பவும் வந்தது. மேற்பார்வைக்காரன் கிரிகோரி, எங்கள் யாழ்ப்பாணக் குருநகர்ப் பெடியன், பொடியைப் பார்த்தான், அக்காவின் நெற்றியைப் பார்த்தான். இன்னொருக்கால் கண்டால் வேலை இல்லை என்றானாம்.

"தன்ர மச்சாளுக்கு வேலை பாக்கிறான் தம்பி. அவன்தான் பூசியிருப்பான்," என்றார் அக்கா. அன்று அவர் செவுளைப் பார்க்காமலே மீன் வாங்கினார். இந்த வயதில் வேறு வேலைக்கு எங்கே போவது என்று கேட்டார்.

சனிக்கிழமை நானும் இராசமலரும் கண்காட்சிக்குப் போனோம். நாங்கள் இறங்கும்போதே கிரிகோரி அக்காவோடு நின்றான். அரசியின் வலது பாதத்தில் மெல்லிய வெள்ளை.

"காலமை கதவு திறக்கிறது நீங்கள். திருநீறு பூசுறதும் நீங்கள். திறப்பைத் தாங்கோ அக்கா."

இராசமலர் என்னை இடித்தாள். நானும் அக்காவின் நெற்றியைத்தான் பார்த்தேன்.

அக்கா குனிந்தார். ஒரு கை முதுகை விட்டு வந்தது. சுட்ட புண்ணைத் தொடுவதுபோல, விரல் நுனியால் பொடியைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது.

"உப்பு."

"என்னது?"

"உப்புக் கரிக்குது. நிலவறைச் சுவரெல்லோ, ஈரம் இழுக்குது. அங்கை அவவைத் தின்ற சாமான் இஞ்சையும் வந்திட்டுது."

"நல்ல கதை அக்கா," என்று கிரிகோரி சிரித்தான். "திறப்பு?"

அக்கா இடுப்பில் தொங்கிய திறப்புக் கொத்தை எடுக்கவில்லை. அந்த விரலை உடுப்பில் துடைத்துவிட்டு, திரும்பவும் பாதத்தில் ஒற்றி எடுத்தார். மற்றக் கையும் முதுகை விட்டு வந்தது. அதன் விரலால் தன் நெற்றித் திருநீற்றை அழுத்தி வழித்தார். பிறகு வெள்ளை பட்ட இரண்டு விரலையும் கிரிகோரியின் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார்.