கடைசி வண்டி வரும்வரை

"வண்டி ஓட்டி எத்தனை வருஷம் ஆகுது?" என்று நூபியா அர்பெலாயிஸ் யாரையும் கேட்டு நான் பார்த்ததே இல்லை. "எல்லாரும் பொய்தான் சொல்லப் போறாங்க, அதுக்கு எதுக்கு என் வாயைத் தொறக்கணும்?" என்பாள். அவள் பார்ப்பது வண்டியின் சீட்டைத்தான். மனிசாலெஸ் நகரத்தில் மோட்டார் சைக்கிள்களுக்குச் சீட் தைப்பது அவள் தொழில். உறையைக் கழற்றிப் பஞ்சை ஒரு தரம் தடவிப் பார்த்தால் போதும், ஆளின் ஜாதகமே கைக்கு வந்துவிடும். வலது பக்கம் மட்டும் அமுங்கியிருந்தால் இடது வளைவு என்றாலே அவனுக்குப் பயம். முன்பக்கம் நசுங்கியிருந்தால் இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருகிற ஆசாமி. "இந்த ஊர்ல பாதிப்பேரோட புட்டம் என்ன நினைக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்று நாலு பேர் நிற்கிற இடத்தில் சத்தமாகச் சொல்வாள். வெட்கமா? அதெல்லாம் அவளிடம் கிடையாது.

அவள் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. பஞ்சர் ஒட்டுகிறேன், டயர் மாற்றுகிறேன். என் பெயர் ஒவிதியோ. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். ஆனாலும் ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மலைக்கு வண்டி ஓட்டிப்போகிற அவள் கூட்டத்தின் கடைசி வண்டியாக நான்தான் போகிறேன். ஏன் நான் என்று ஒருநாள் கேட்டேன். "நீ எல்லாரையும் திட்டுவே, ஆனா யாரையும் விட்டுட்டுப் போகமாட்டே" என்றாள்.

அந்தக் கூட்டத்தை அவள் தொடங்கிய கதை ஊருக்கே தெரியும். அப்போது வண்டி பழகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. புருஷனும் அவன் சிநேகிதர்களும் மலைக்குக் கிளம்பியபோது இவளும் சேர்ந்துகொண்டாள். வளைவுக்கு வளைவு பின்தங்கி, கடைசியில் ஒரு பிரிவில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் மூன்று மணி நேரம் மழையில் நின்றாள். சாப்பாட்டுக் கடையில் ஒரு தட்டு மீன் மிஞ்சிய பிறகுதான் அவள் இல்லை என்பதே அந்தப் புண்ணியவான்களுக்கு உறைத்தது. அந்தப் புருஷன் இப்போது பெரெய்ராவில் யாரோடோ இருக்கிறான், இருந்துவிட்டுப் போகட்டும். அவன் விட்டுப் போன அந்த வாரமே நூபியா ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சொந்தக் கூட்டம் சேர்த்தாள்.

அவள் வைத்த முறை இதுதான். முதல் வண்டி அவளுடையது. அவளுக்குப் பின்னால், அவள் கண்ணாடியில் முகம் தெரிகிற தூரத்தில், கூட்டத்திலேயே மெதுவாகப் போகிறவர். அதற்குப் பின்னால் அடுத்த மெதுவானவர். இப்படியே போய், வேகக்காரர்கள் எல்லாம் வாலில். அவர்களுக்கும் பின்னால், ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு நான். எந்த வழியாகப் போகிறோம் என்று முன்கூட்டியே மூச்சு விடமாட்டாள். சொன்னால் வேகக்காரப் பயல்கள் முந்திக்கொண்டு ஓடிவிடுவார்கள் அல்லவா? சாலை பிரிகிற மூலை வந்தால் நிறுத்தி, வாலில் இருக்கிற ஒருவனை விரலைக் காட்டி அங்கே நிற்க வைப்பாள். கடைசி வண்டியின் ஆரஞ்சுச் சட்டையைக் கண்ணால் பார்க்கும்வரை அவன் அந்த மூலையை விட்டு நகரக் கூடாது. மூலையில் ஆள் நின்றால் அவன் காட்டும் பக்கம் திரும்ப வேண்டும். யாரும் நிற்கவில்லை என்றால் நேராகப் போக வேண்டும். இருபது நிமிடம் போயும் முன்னால் யாரையும் காணவில்லை என்றால் ஓரம்கட்டி நின்றுவிட வேண்டும். தேடிக்கொண்டு அலையக் கூடாது.

தகராறு எலியேசர் அண்ணனால் வந்தது. அவரால் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும், அவரை வைத்து வந்தது. முப்பது வருஷம் காப்பித் தோட்டங்களில் ஜீப் ஓட்டிய மனிதர். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கை பாதி செத்துப்போனது. கிளட்ச் பிடிக்க முடியாது என்பதால் கிளட்சே இல்லாத சின்ன வண்டி ஒன்றை அவருக்குத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். நூபியா சீட்டை ஒரு பக்கம் உயர்த்தித் தைத்துக் கொடுத்தாள். வந்து சேர்ந்தார். மேட்டில் நத்தை மாதிரிதான் ஏறுவார், பொய் சொல்வானேன்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் நூபியாவின் கடையில் எல்லோரும் கூடியிருந்தோம். வாலில் வருகிறவர்களில் முதன்மையானவன் வில்மார். இருபத்தேழு வயசு, பெரிய வண்டி, அதைவிடப் பெரிய வாய். அவன்தான் ஆரம்பித்தான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. போன வாரம் மேட்டுல நடந்தே போயிருந்தாக்கூட முன்னாடி போயிருப்போம். எலியேசர் அண்ணன் மாதிரி ஆளுங்களுக்குத் தனிக் கூட்டம் வெச்சுக்கலாமே."

"தனிக் கூட்டம்னா? அவரு ஒருத்தரா? அவருக்கு முன்னாடி அவரே போய், பின்னாடியும் அவரே வரணுமா?" என்றேன் நான்.

"அண்ணே, நான் நியாயத்தைப் பேசறேன். யாராவது தொலைஞ்சு போனா யாரு பொறுப்பு?"

நூபியா தையல் மிஷினை நிறுத்தினாள். "ஒன்பது வருஷத்துல யாராவது தொலைஞ்சிருக்காங்களாடா?"

"இதுவரைக்கும் இல்ல."

"ஞாயித்துக்கிழமை ஒருத்தர் தொலைஞ்சாலும் இந்த விசிலை உன் கையில கொடுத்துடறேன். அப்புறம் நீ யாரை வேணா சேரு, யாரை வேணா தள்ளு. ஆனா அன்னிக்கு எலியேசர் எனக்குப் பின்னாடிதான் வருவாரு."

எலியேசர் மூலையில் ஒரு பழைய சீட்டின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வில்மார் கையில் விசில் போனால் அவருக்கு இடமில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். போகும்போது என்னிடம் மட்டும், "வாரத்துல ஆறு நாள் என் பொண்ணு என்னை நாற்காலியிலேயே உட்கார வெச்சிருக்கா, ஒவிதியோ. இருமினாக்கூட ஓடி வர்றா. ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் எனக்கு" என்றார். நான் அவர் டயரில் காற்று குறைவு என்று திட்டி அனுப்பினேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பதினாலு வண்டி கிளம்பினோம். மலைமேல் ஏற ஏறப் பனி. அடுத்த வளைவு தெரியாது, விரல் நுனி உணர்வு போய்விடும். ஒன்பது மணி இருக்கும், எலியேசர் வலது கையைத் தூக்கிவிட்டு ஓரம் கட்டினார். யாராவது நின்றால் கடைசி வண்டியும் கூட நிற்க வேண்டும், மற்றவர்கள் போகலாம் என்பது முறை. நின்றேன். அவரது இடது கை விறைத்து, கைப்பிடியைப் பிடித்தபடியே கட்டையாகிவிட்டிருந்தது. ஒவ்வொரு விரலாக நான் பிரித்தெடுத்தேன். என் வண்டியின் இன்ஜினுக்குப் பக்கத்தில் அந்தக் கையைக் காட்டச் சொன்னேன்.

அப்படி நின்றுகொண்டிருந்தபோது பாலாடைக்கட்டிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருத்தன் எங்களைத் தாண்டிப் போனான். "உதவி வேணுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று கையசைத்தேன். அவனும் ஆரஞ்சுச் சட்டைதான் போட்டிருந்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பெட்டி சுமந்து திரிகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள், இதில் தோன்ற என்ன இருக்கிறது?

கால் மணி கழித்துக் கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் ஒரு பிரிவு வந்தது. மூலையில் ஈ காக்கை இல்லை. ஆள் இல்லையென்றால் நேர்வழி. நேராகப் போனோம். பத்து நிமிடம், பதினைந்து, இருபது. முன்னால் ஒரு சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. எலியேசர் ஓரம்கட்டினார். நானும் நின்றேன்.

"அந்தப் பிரிவுலதான் திரும்பியிருக்கணும். யாரோ மடையன் மூலையை விட்டுட்டுப் போயிருக்கான். வாங்க, நாமளே போய்ப் பிடிச்சுடலாம்" என்றேன்.

அவர் சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நிக்கணும்னு சொல்லியிருக்கா."

"அண்ணே, நாம தொலைஞ்சோம்னு தெரிஞ்சா அவ விசில் போயிடும். உங்க ஞாயித்துக்கிழமையும் போயிடும். ஓடிப்போய்ச் சேர்ந்துட்டா யாருக்கும் தெரியாது."

"நாம அந்தப் பக்கம் ஓட, அவ வேற பக்கம் தேட, அப்புறம் யாரு யாரைப் பிடிக்கறது? நீ உட்காரு."

உட்கார்ந்தேன். போனில் சிக்னல் இல்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் சபித்த சாபமெல்லாம் பலித்திருந்தால் மனிசாலெஸில் பாதி வீட்டில் இழவு விழுந்திருக்கும். அவர் நிம்மதியாக உட்கார்ந்து மேய்கிற மாடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பதினொன்றேகாலுக்கு நாங்கள் வந்த வழியில் பனிக்குள் ஒரு விளக்கு தெரிந்தது. பின்னாலேயே இன்னொன்று, மூன்றாவது. பன்னிரண்டு வண்டியும் வரிசை குலையாமல் வந்தன. முன்னால் நூபியா. வேகமாகப் போகிறவன் ஒருவனைத் தேட அனுப்பியிருக்கலாம்தான். அனுப்பினால் அப்புறம் அவனைத் தேட இன்னொருவன் வேண்டும் என்று மொத்தக் கூட்டத்தையும் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். இறங்கினாள். விரலை நீட்டி எல்லோரையும் எண்ணினாள். பதினாலு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு எலியேசரின் இடது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நடந்தது என்ன என்று சாப்பாட்டுக் கடையில்தான் தெரிந்தது. மூலையில் நின்றவன் வில்மார். குளிரில் நின்று நின்று, தலைக்கவசக் கண்ணாடி முழுக்கப் பனி படிந்து, தூரத்தில் ஆரஞ்சு நிறம் தெரிந்ததும் நான்தான் என்று நினைத்துக் கிளம்பிவிட்டான். அவன் போய்ச் சேர்ந்து பத்து நிமிடத்தில் அந்த ஆரஞ்சுச் சட்டை கடை வாசலில் வந்து இறங்கி, கடைக்காரம்மாவிடம் பாலாடைக்கட்டியை எடை போட்டுக் கொடுத்ததாம். அப்போது வில்மாரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கடைக்காரம்மா எல்லோருக்கும் சூடான வெல்லத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நூபியா விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி வில்மாரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சொன்ன சொல்லு."

வில்மார் அதைத் தொடவில்லை. "அக்கா, மூலையை விட்டது நான். நீங்க எதுக்கு..."

"ஆரஞ்சைப் பார்த்தா கிளம்புன்னு சொன்னது யாரு? நான். அந்தத் துணியை வாங்கித் தைச்சது யாரு? அதுவும் நான். ஊரே அதைப் போட்டுக்கிட்டுத் திரியுது, ஒன்பது வருஷமா என் மண்டையில ஏறலை. ரெண்டு பேரைத் தொலைச்சுட்டேன். விசில் உன்னுது."

சொல்லிவிட்டு முகம் கழுவப் பின்பக்கம் போனாள். நான் வில்மார் பக்கம் திரும்பினேன். "எடுத்து மாட்டிக்கோடா! இதுக்குத்தானே ஆசைப்பட்டே?" என்று கத்தினேன். பையன் அழுதுவிடுவான்போல் இருந்தான். எனக்கே கொஞ்சம் கேவலமாகப் போய்விட்டது.

எலியேசர் மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கி வைத்தார். கையைத் துடைத்தார். எழுந்து வெளியே போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு வந்தார். முன்னால் ஒரு வண்டிக்கு இடம் விட்டு, அதற்குப் பின்னால் தன்னுடையதை நிறுத்தி, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மெதுவாகப் போகிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய் அவருக்குப் பின்னால் நின்றார்கள். வில்மார் விசிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். நூபியாவின் வண்டியை உருட்டி வந்து அந்தக் காலி இடத்தில் நிறுத்தி, விசிலை அதன் கைப்பிடியில் தொங்கவிட்டான். தன்னுடைய பெரிய வண்டியை வாலுக்குக் கொண்டுபோகாமல் எலியேசருக்கு அடுத்ததாக நிறுத்தினான்.

நூபியா முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வரிசையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது என்னடா நாடகம்? வில்மார், உன் இடம் இதுவா?"

"கண்ணாடியில பனி படியுதுக்கா. இங்க இருந்தா நீங்க தெரிவீங்க."

அவள் கண்ணில் தண்ணீர் முட்டியதை நான் பார்த்தேன். ஆனாலும் பிடிவாதக்காரி. "நான் நாலு பேருக்கு முன்னாடி கொடுத்த வாக்கு. ஒருத்தர் தொலைஞ்சாலும்னு சொன்னேன். ரெண்டு பேர் தொலைஞ்சாச்சு" என்றாள்.

எலியேசர் தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கினார்.

"யாரு தொலைஞ்சது? தொலைஞ்சவன்னா யாராச்சும் வருவாங்களா, மாட்டாங்களான்னு வயித்துல புளியைக் கரைச்சுக்கிட்டு நிப்பான். நாங்க ரெண்டு பேரும் நீ எத்தனை மணிக்கு வருவேன்னு பந்தயம் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். கேளு இவனை."

"பன்னெண்டுன்னு நான் சொன்னேன்" என்று கட்டாத பந்தயத்தில் நானும் சேர்ந்துகொண்டேன். "பதினொண்ணேகால்னு அவர் சொன்னார். தோத்துட்டேன்."

நூபியா விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.