முழுக் கூடைக்கு என்ன விலை?

எங்கள் தெருவில் குவைத் தினாரின் விலை தெரியாத ஆள் கிடையாது. ஆடு மாடுகளுக்கும் தெரியும். காரணம் உசனார் மச்சான். விடிந்ததும் கைபேசியைப் பார்த்து, "இண்டைக்கு அம்பது சதம் ஏறியிரிக்கி!" என்று அவர் போடும் சத்தத்தில் வாவிக்கு அக்கரையில் தூங்கும் கொக்குகளும் எழும்பிவிடும்.

மச்சானிடம் ஒரு தினாரும் கிடையாது. எல்லாம் அவர் மனைவி றபீக்கா ராத்தாவுடையது. எட்டு வருடம் குவைத்தில் ஊரான் வீட்டுக் குசினியில் நின்று சமைத்து, மூவாயிரம் தினார் மிச்சம் பிடித்துக் கொண்டுவந்திருந்தார். அங்கே அவர் உரித்த வெங்காயத்தை வரிசையாக அடுக்கினால் காத்தான்குடியிலிருந்து குவைத்துக்கு நடந்தே போகலாம்.

அந்தக் காசில் வீட்டுக்குக் கூரையாகக் கொங்கிறீட் பிளேட் போட வேண்டும். வங்கிப் பலகையில் எழுதியிருக்கும் விலைக்கு மாற்றினால் ஹோலுக்கும் அறைகளுக்கும் போதும். குசினியையும் சேர்த்து மூட இன்னும் நாற்பதாயிரம் ரூபாய் வேண்டும் என்று மேசன் சொல்லிவிட்டார்.

"குசினிக்குத் தகரம் போதும்தானே புள்ள?" என்றார் மச்சான்.

"அப்ப ஒழுகுற குசினில நீங்க நிண்டு சமைங்க. நான் ஹோல்ல இரிந்து ரேட் பாக்கிறன்."

அன்றிலிருந்து மச்சான் விலை ஏறட்டும் என்று காத்திருந்தார். ஏறியது. "நாளைக்கு இன்னும் ஏறும்" என்றார். ஏறியதைவிட வேகமாக இறங்கியது. ஒரு காலை அவர் வீட்டில் சத்தமே இல்லை. கொக்குகள் நிம்மதியாகத் தூங்கின.

மாரி நெருங்கிவிட்டது. மேசனும் வேறு வேலைக்குப் போகப் பார்த்தார். ராத்தா பால்மா டின்னிலிருந்து காசை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு என் ஓட்டோவைக் கூப்பிட்டார்.

"றம்ஸீன் தம்பி, நீயும் உள்ளுக்கு வா. காவலுக்கு."

என் உடம்பில் கால் கிலோ இறைச்சிதான் இருக்கும். இருந்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

"தொகைய ஒருத்தருக்கும் சொல்லிராத" என்று வழியெல்லாம் மச்சான் ஓதிக்கொண்டே வந்தார். "கள்ளனுக்குக் காது பெரிசு."

முதலில் ஒரு கடைக்குப் பின்னால் களவாகக் காசு மாற்றும் ஒருவரைப் பார்த்தோம். தினாருக்குத் தொள்ளாயிரத்து எண்பது தருவாராம், பற்றுச்சீட்டுத் துண்டு மட்டும் தரமாட்டாராம். மச்சானுக்கு வாயெல்லாம் பல்.

"கள்ள நோட்டு வந்தா யார்ர சட்டையப் பிடிக்கிற? துண்டு தராத ஆக்கள்ட்ட நான் மீனும் வாங்க மாட்டன்" என்று ராத்தா வெளியே வந்துவிட்டார். மீன்காரன் எப்போது துண்டு கொடுத்தான் என்று நான் கேட்கவில்லை. எனக்கு உயிர்மேல் ஆசை.

முதல் வங்கியில் ராத்தா கண்ணாடிக்குள் குனிந்து, களவெடுக்க வந்தவர்போல, "தினார் என்ன வில?" என்று குசுகுசுத்தார். உள்ளே இருந்த பிள்ளை பலகையைக் காட்டியது. தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு. இரண்டாவது வங்கியில் மூன்று ரூபாய் கூட.

"எல்லாருக்கும் இதே வெலதான் ராத்தா" என்றார் அங்கிருந்த தம்பி.

ராத்தா சந்தையில் நிற்பதை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு மீனுக்கு விலை கேட்கவே மாட்டார். கூடையோடு விலை பேசி வாங்கி, தெருவுக்கே பங்கு பிரிப்பார். அந்த ராத்தா இப்போது நிமிர்ந்தார்.

"தம்பி, ஒண்டுட விலைய நான் கேக்கல்ல. முழுக் கூடையும் எடுத்தா என்ன வில?"

"என்ன கூட ராத்தா?"

"மூவாயிரம் தினார்!" பை மேசையில் விழுந்தது. மச்சான் இருமிய இருமலில் கூரை மின்விசிறி எதிர்ப்பக்கம் சுற்றியது.

"இத முதல்லயே சொல்லியிரிக்கலாமே! பெரிய தொகைக்கு வேற ரேட் கேட்டுப் பாக்கலாம். இரிங்க."

முகாமையாளர் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துவிட்டு வந்தார். "தொள்ளாயிரத்தி அம்பத்தியெட்டு."

"எழுவது போடுங்க."

"ஏலா ராத்தா, கொழும்புல ஏசுவாங்க."

"அப்ப வாறன்." ராத்தா பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மச்சான் திரும்பிப் போகப் பார்த்தார். ராத்தா அவர் கையைப் பிடித்து இழுத்தார். நாங்கள் கதவடிக்குக்கூட வரவில்லை, அதற்குள் பின்னாலிருந்து முகாமையாளரின் குரல் வந்தது.

"ராத்தா! அறுவத்தி மூணு! இதுக்கு மேல போனா என்ட வேல போயிரும்."

"உங்கட வேலையும் இரிக்கட்டும், என்ட குசினியும் இரிக்கட்டும். துண்டையும் எழுதுங்க."

முதல் வங்கியின் விலையைவிட நாற்பத்தையாயிரம் கூட வந்தது. குசினிக்கும் சேர்த்துப் பிளேட் விழுந்தது.

முதல் மாரி மழையன்று போனேன். வெளியே வானம் கிழிந்து கொட்டுகிறது. குசினியில் ஒரு சொட்டு இல்லை. ராத்தா அடுப்படியில் அவசரமில்லாமல் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். மச்சான் கைபேசியும் கையுமாக ஓடிவந்தார்.

"றபீக்கா! இண்டைக்கு அறுவத்தியாறு! மூணு ரூவா நட்டமாயிட்டு!"

ராத்தா ஒரு மீனைத் திருப்பிப் போட்டார். பிறகு மூலையில் இருந்த குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"போய் அந்த மூணு ரூவாயத் தேடிக்கிட்டு வாங்க. மீன் ஆறுறதுக்குள்ள வந்திருங்க."