எம்.எல். என்று வந்த மெயில்

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதுவதும் சாம்பிள் அனுப்புவதும் என் வேலை. தமிழ் வழியில் படித்தவன் என்றாலும் கடித ஆங்கிலம் ஓரளவு வரும். ஆனால் வந்த மெயில்களில் எல்லாமே சுருக்கம்; பாதிச் சொற்களுக்கு உயிரெழுத்தே இல்லை, மீதி வெறும் முதலெழுத்துகள். ஏ.எஸ்.ஏ.பி. என்று ஒன்றில் கேட்டிருந்ததை ஏதோ சான்றிதழ் என்று நினைத்து இரண்டு நாள் ஃபைல்களைப் புரட்டினேன்.

சாம்பிள் பிரிவைக் கவனித்துவந்த சேவூர்க்கார அக்கா அதைப் பார்த்துவிட்டார். "ஏனுங்க தம்பி, ரண்டு நாளா என்னத்தத் தேடறீங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அது சட்டுனு அனுப்புங்கன்னு அர்த்தமுங்க. தெரீலைன்னா கேளுங்க, அதுலென்ன இருக்குது?"

எனக்குத் தினமும் மெயில் அனுப்பியவர் இங்கிலாந்தில் ஓர் அலுவலகத்தில் இருந்தார். பெயர் எழுத மாட்டார். இரண்டே எழுத்தில் முடித்துவிடுவார். என் வயதுள்ள ஆண் என்று நானாக முடிவுசெய்து "டியர் சார்" என்றே எழுதிவந்தேன். மறுப்பு வந்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில், வார விடுமுறை நன்றாகக் கழியட்டும் என்று நான்கு குறைச்சொற்களில் ஒரு வரி வரும். சனிக்கிழமை எங்களுக்கு முழு வேலைநாள் என்பது அவருக்குத் தெரியாது. இருந்தாலும் அந்த வரிக்காகக் காத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் பேச ஆளில்லை. நான் வாடகைக்கு இருந்த வரிசை வீட்டில் மற்ற அறைகளில் குடும்பங்கள் இருந்தன. பத்து மணிக்கே கறிக்குழம்பு வாசம் வந்துவிடும். நான் துணி துவைத்துவிட்டு மெஸ்ஸில் சாப்பிட்டு வந்து படுத்துக்கொள்வேன். சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்தில் அம்மாவிடம் பேச வாயெடுத்தால் குரல் கட்டியிருக்கும். அன்றைக்கு நான் பேசும் முதல் சொல் அதுதான். அந்த இங்கிலாந்துக்காரரும் இப்படி ஓர் அறையில் தனியாக இருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி யாரும் சொல்லவில்லை. எனக்கு அப்படித் தேவைப்பட்டது.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள், நான் அனுப்பிய மெயிலுக்குத் தானாகவே ஒரு பதில் வந்தது. அலுவலகத்தில் இல்லை, அதாவது 'அவுட் ஆஃப் ஆபீஸ்' என்பதற்கு மூன்று ஓ; காரணம் எம்.எல். எங்கள் லீவு படிவத்தில் எம்.எல். என்றால் மருத்துவ விடுப்பு. நான் யாரிடமும் கேட்கவில்லை.

முந்தைய வருடம்தான் மஞ்சள் காமாலையில் ஒன்பது நாள் அறையிலேயே கிடந்திருந்தேன். பால்காரரைத் தவிர யாரும் கதவைத் தட்டவில்லை. அந்த இங்கிலாந்துக்காரருக்குக் கஞ்சி வைத்துத் தர யார் இருப்பார்கள் என்று மனம் அடித்துக்கொண்டது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லைக்கூடச் சுருக்காமல் எழுதினேன். உடம்புக்கு என்ன, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா, வேளைக்குச் சாப்பிடுங்கள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அதுவும் முழுச் சொற்களில். எம்.எல். என்றால் அங்கே பேறுகால விடுப்பு. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். கணவரும் மாமியாரும் கூடவே இருக்கிறார்கள். "சார்" என்று நீங்கள் மரியாதையாக எழுதியதைத் திருத்த மனம் வரவில்லை என்று எழுதியிருந்தார்.

அக்காவிடம் படித்துச் சொன்னேன்.

"அட சாமி! பொம்பளைங்களா அது?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "புள்ள நல்லா இருக்கோணும்ங்க."

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் யாரோ அறையைக் காலிசெய்துவிட்டுப் போனது போலிருந்தது. இரண்டு வருடமாக என்னைப் போலவே தனியாக இருந்த அந்த மனிதர் இப்போது இல்லை.

மெயிலின் கடைசி வரியை அக்காவிடம் படிக்கவில்லை. "உங்களுடன் வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். சாத்தூர், அறை, காமாலை எல்லாம் எழுதிவிட்டு மொத்தத்தையும் அழித்தேன். வாழ்த்து என்பதைப் பாதிச் சொல்லாகவும் நன்றியை மூன்றெழுத்தாகவும் அடித்து அனுப்பினேன்.

விடுப்பு முடிந்ததும் அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். புதிதாக வந்தவர் தம் முழுப் பெயரையும் போட்டு எழுதினார். வெள்ளிக்கிழமைகளில் அவர் எதுவும் எழுதுவதில்லை.