ஒரு பாவு தூரத்தில் புகை

பள்ளிச் சுற்றுச்சுவரிலிருந்து நூறு கெஜத்துக்குள் பீடி, சிகரெட் விற்கக் கூடாது. அந்தத் தூரத்தை நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். சந்து சுற்றி அளக்கக் கூடாது. விதி இவ்வளவு தெளிவாக இருப்பதுதான் என் சந்தேகத்துக்குக் காரணம்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை. காலை ஆறுக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறி, எட்டுக்குக் காஞ்சிபுரத்தில் இறங்கினேன். சின்ன காஞ்சிபுரத்துக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய்.

“நூறு கெஜம்னா எம்மாந்தூரம்பா?” என்று ஓட்டுநரைக் கேட்டேன்.

“யார் அளக்கறாங்கன்றதப் பொறுத்து சார்.”

என் பழைய அலுவலகத்தில் இருந்திருக்க வேண்டியவர்.

சகலை முருகேசன் பட்டு நெய்பவன். பீடியைத் தொட்டதே இல்லை. இருந்தும் நுரையீரல் புற்றுநோய். போன வருஷம் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். புகைக்காதவர்களுக்கும் இது எல்லா நாடுகளிலும் வருகிறதாம். இனிப் புகை அண்டவே கூடாது என்றார் டாக்டர். அவன் தறியோ ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே பெட்டிக்கடை.

தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். பட்டிழைகளின் ஒரு முனை கடை வாசலில், மறுமுனை பள்ளிச் சுவரோரம். மூன்று சேலை நீளம், மிஞ்சினால் இருபது கெஜம். கொண்டுபோன அளவுநாடாவைப் பையிலேயே விட்டுவிட்டேன்.

விதியைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார். “ரூலு பேசாத சார். தறியண்ட எவனாவது பத்த வெப்பானா? பட்டுல வாடை ஏறுச்சுன்னா முதலாளி சேலைய மூஞ்சில வுட்டெறிவான். அதான் தெருவே இங்க வந்து ஊதிக்கினு போவுது. நல்ல காத்து வேணும்னா அமாவாசைக்கு வா. தறியும் லீவு, கடையும் லீவு.”

பட்டின் மேல் இத்தனை அக்கறை. புகை மட்டும் முருகேசன் ஜன்னலுக்கு.

“ஜன்னலை மூடித் தொலையேன்டா,” என்றேன் முருகேசனிடம்.

“மூடினா டியூப்லைட்ல அரக்கும் மெரூனும் ஒண்ணாத் தெரியுது சகல. தப்பான கலர்ல நெஞ்சா எவன் வாங்குவான்? ஆபீசரா இருந்தவன்தானே நீ, ஒரு மனு தட்டேன்.”

மதியமே மாநகராட்சி அலுவலகத்தில் மனுவை நேரில் கொடுத்தேன். ஒப்புகை கேட்டதும் எழுத்தர் முகம் மாறியது.

“தறி ஓடும் நாளில் வந்து பாருங்கள்,” என்றேன்.

“எங்களுக்கு எல்லா நாளும் ஒண்ணுதான் சார்.”

பதில் இது: ‘நேரடி ஆய்வின்போது கடை மூடியிருந்தது. புகைப்பவர் எவருமில்லை. மனு முடிக்கப்பட்டது.’ ஆய்வுத் தேதியை நாட்காட்டியில் தேடினேன். தை அமாவாசை. நாள் பார்த்துக் கொடுத்தது யார் என்று அதில் இல்லை.

போனில் படித்துக் காட்டினேன். முருகேசனின் சிரிப்பு இருமலாகி முடிந்தது.

“ஜன்னல அடச்சிட்டேன் சகல. இப்ப வெள்ளச் சேல மட்டும் நெய்யறேன். கலர் பாக்க வேணாம் பாரு.”

செங்கல் வைத்து அடைத்தது மாசிக் கடைசியில். பதில் என் கைக்கு வந்தது பங்குனி மூன்றாம் தேதி.