மரகதக்கா உரித்த ஸ்டிக்கர்

மரகதக்கா இறந்த செய்தி வந்தபோது தேயிலைத் தொழிற்சாலை வாசலில் இலை மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மகள் செல்விதான் கூப்பிட்டாள். "அண்ணே, அம்மா காலையில போயிட்டாங்க. மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." சற்றுநேரம் அழுதுவிட்டுக் கேட்டாள்: "அந்த ஆளு மாலையோட வந்தா என்னண்ணே செய்யிறது?"

"வாசல்லயே திருப்பி அனுப்பு" என்றேன். யோசிக்கவே இல்லை.

அந்த ஆள் வரவில்லை. வந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. திருப்பி அனுப்பும் வாய்ப்பாவது எங்களுக்குக் கிடைத்திருக்கும்.

குந்தாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த உங்களில் பலருக்கு அந்த ஆளைத் தெரியும். குன்னூரில் கடை வைத்து, கொழுந்து வெட்டும் மெஷின் விற்றவர். சிவப்பு உடல், பேட்டரியில் ஓடும் பல்வரிசைக் கத்தி. உடலின் மேல் பெரிய ஸ்டிக்கர்: 'குன்னூர் தயாரிப்பு'. அதன் கீழே தயாரிப்பாளர் என்று அவர் பெயர். நம்மூரில் செய்தது, கெட்டால் உடனே பழுது பார்த்துக் கொடுப்பார்கள் என்று நம்பி எங்கள் தோட்டமும் வாங்கியது. மெஷின்களை இறக்கிக் கையெழுத்துப் போட்டது, அப்போது தோட்ட ஆபீசில் கிளார்க்காக இருந்த நான்.

மரகதக்கா சிறுமியாக இருக்கும்போது இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் இங்கே வந்தவர். கையால் கொழுந்து பறித்துப் பழகியவர், அந்த மெஷினை எல்லோருக்கும் முன்னால் கற்றுக்கொண்டார். ஒரு நாள் பகல், ஓடிக்கொண்டிருந்த கத்தி போல்ட்டிலிருந்து பிய்ந்து அவர் வலது கையில் பாய்ந்தது. இரண்டு விரல்கள் போயின.

அடுத்த வாரம் மேனேஜர் அந்த விற்பனையாளரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கையில் கட்டுடன் அக்காவும் வந்திருந்தார். விற்பனையாளர் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மேனேஜரிடம் சொன்னார்: "ஏனுங்க சார், இதை நானா செஞ்சனுங்க? வெளிநாட்டுல இருந்து வருதுங்க. நான் விக்கிறவன் மட்டுந்தானுங்க. இந்தச் சிலோன்காரங்க கையில மெஷினைக் குடுத்தா இப்படித்தானுங்க ஆகும்."

அக்கா எழுந்துவிட்டார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்: "தம்பி, விக்கிறப்ப நான் செஞ்சதுன்னு எழுதிக்கிறான். வெரல் போனா நான் செய்யலங்கிறான். அப்ப யாரு செஞ்சது?"

நேராக ஸ்டோருக்குப் போனார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால், இடது கையால், அந்த ஸ்டிக்கரைத் தேய்த்துத் தேய்த்து உரித்தார். அடியில் இன்னொரு தகடு இருந்தது. 'சீனாவில் தயாரிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில். அதற்குக் கீழே ஒரு எச்சரிக்கை: கத்தியின் போல்ட்டுகளைத் தினமும் இறுக்க வேண்டும், குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் மாற்றிவிட வேண்டும். நான் படித்துச் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது. சீனாவில் செய்தவன் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறான். குன்னூர்க்காரர் அதன் மேல் தன் பெயரை ஒட்டி மறைத்துவிட்டார்.

இறக்குமதியான பொருளில் எந்த நாட்டில் செய்தது, இறக்குமதி செய்தவர் யார், அவர் முகவரி என்ன என்று இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். ஊட்டியில், பொருள்களின் லேபிளையும் சோதிக்கும் எடையளவு ஆய்வாளர் ஆபீசுக்கு இருவரும் போனோம். அந்த அதிகாரி நல்லவர். "ஒரு மெஷினை வெச்சுக் கேஸ் போட்டா, தோட்டத்துல யாரோ ஒட்டுனதுன்னு சொல்லிடுவாரும்மா. கடையில இருந்து வரும்போதே இப்படித்தான் இருந்ததுன்னு யாராவது எழுதிக் குடுக்கணும்" என்றார். அக்கா என்னைப் பார்த்தார்.

இறக்கிக் கையெழுத்துப் போட்டவன் நான்தானே, பழி என் மேல் வந்துவிடுமோ என்று பயந்தேன். மெஷின்கள் வந்த அன்று அட்டைப் பெட்டியில் சீனா என்ற பெயரைப் பார்த்திருந்தேன். ஏதோ பெட்டிதானே என்று விட்டுவிட்டேன். "எனக்குச் சரியா ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. பாக்கலன்னு மட்டும் சொல்லாத" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அதோடு அவர் நிற்கவில்லை. கட்டுப் பிரிக்காத கையோடு பஸ் ஏறி, பிக்கட்டி வரை தோட்டம் தோட்டமாகப் போனார். மெஷின் ஓட்டும் பெண்களிடம் சொல்லி, அவர்கள் கண் முன்னாலேயே உரித்துக் காட்டினார். எல்லாவற்றிலும் அதே தகடு. விற்பனையாளரின் குடோனை அதிகாரிகள் சோதனையிட்டபோது, ஒட்டக் காத்திருந்த ஸ்டிக்கர் சுருள்கள் சிக்கின.

அதற்குப் பிறகுதான் அந்த விற்பனையாளர் ஆப்பிளும் ஆரஞ்சுமாக அக்கா குடியிருந்த லய வீட்டுக்கு வந்தார். "அக்கா, புள்ளைகுட்டிக்காரனுங்க. ஒரு வார்த்தை சொல்லி வாபஸ் வாங்கீருங்க."

அக்கா பழத்தைத் தொடவில்லை. "நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வாங்க. பொம்பளைங்க எல்லாரும் இருப்பாங்க. அந்தத் தகடுல இருக்கிறத நீங்களே சத்தமாப் படிச்சுக் காட்டுங்க."

வந்தார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் களத்தில், கூடை மாட்டிய பெண்கள் சூழ நின்றிருக்க, தலை குனிந்து படித்தார். நாட்டின் பெயரில் குரல் இறங்கியது. "கேக்கல" என்றார் அக்கா. மறுபடி படித்தார். எச்சரிக்கையைத் தமிழில் சொல்லும்படி அக்கா கேட்டார். சொன்னார். முடித்துவிட்டு, "இப்ப வாபஸ் வாங்கிக்கிறீங்களாக்கா?" என்று கேட்டார்.

"வாங்குறேன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு அக்கா வேலைக்குப் போய்விட்டார்.

கேஸ் நடந்தது. அபராதம் விழுந்தது. தோட்டங்கள் மெஷின்களைத் திருப்பி அனுப்பின. கடை பூட்டப்பட்டது. அந்த ஷட்டரைப் பார்ப்பதற்காகவே இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்னூருக்குப் போனோம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. "திருப்தியாக்கா?" என்று கேட்டேன். "வெரல் மொளச்சிருச்சா, திருப்திப்பட?" என்றார். ஆனாலும் அந்த ஷட்டரை விட்டு நகர அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

துக்க வீட்டில் ஒருவர், "நல்ல மனுஷி, எல்லாரையும் மன்னிச்சிட்டுத்தான் போயிருப்பாங்க" என்றார். இல்லை. மன்னிக்கவில்லை. போன மாதம் பார்க்கப் போனபோதுகூட அந்த விற்பனையாளரைப் பற்றித்தான் விசாரித்தார். கோயம்புத்தூரில் வேறு வியாபாரம் செய்கிறார் என்றதும், "என்ன வியாபாரம்? அதுல என்ன எழுதி ஒட்டிருக்கான்னு பாத்தியா?" என்று கேட்டார். அக்காவைச் சாந்த சொரூபியாக்கி அனுப்பிவைக்க வேண்டாம் என்று அவரை அறிந்த உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது வேலை செய்யும் தொழிற்சாலையில் எந்தச் சாமான் வந்தாலும் பெட்டியைப் பிரித்து, திருப்பி, எங்கே செய்தது, யார் பொறுப்பு என்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன். கொண்டுவந்தவர் அவசரப்படுவார். "சார், சும்மா போட்டு விடுங்க சார், நேரமாகுதுங்க" என்பார். அப்போது இன்னும் மெதுவாகப் படிப்பேன். அவர் நெற்றி வியர்ப்பதைப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. அக்காவிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அதுதான். அதை நான் விடப்போவதில்லை.