மந்தையோடு ஒட்டிக்கொண்ட மான்

காலையில் பட்டியின் முள்படலைத் தள்ளியதும் துபோவ் கெடி மாடுகளைப் பார்ப்பதில்லை. அவற்றுக்கு நடுவே நிற்கும் மானைத் தேடுகிறார். கண்டதும் மருதாணி பூசிய தாடியைத் தடவிக்கொண்டு அதற்கு ஒரு சலாம் சொல்கிறார்.

“கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து எனக்கு இப்படி ஒரு சலாம் கிடைச்சதில்ல. கொம்பு முளைச்சாத்தான் மரியாதைபோல,” என்பாள் என் அக்கா உபா.

“உனக்குக் கொம்பு இல்லேன்னு யார் சொன்னது?” என்பார் மச்சான், சிரிக்காமல்.

அராவ்லா என்போம் இதை. மணல் நிறம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி ஒரு பார்வை. எங்கள் இஜாரா காடுதான் அதற்குத் தாய்வீடு. இங்கேயே சில நூறுதான் மிச்சம். கூட்டத்தைப் பிரிந்த கிடாமான் மாட்டு மந்தையோடு ஒட்டிக்கொள்ளும். அது கூட இருந்தால் மாட்டுக்கு நோய் அண்டாது, விரட்டினால் பரக்கத், இறைவன் தரும் வளம், போய்விடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. எங்களில் யாரும் அதன்மேல் கல்லெறிவதில்லை.

மச்சான், எங்கள் ஊர்க்காரர்கள் நடத்தும் மான் காப்பகத்தில் காவலரும்கூட. டயர் செருப்பு, கையில் வாக்கிடாக்கி. அவர் அதில் போடும் சத்தத்துக்கு வாக்கிடாக்கியே தேவையில்லை.

போன பஞ்சத்தில் மந்தையைத் தானா என்ற ஆற்றுப் பக்கம் ஓட்டிப்போனபோது, அப்போதிருந்த கிடாவும் பின்னாலேயே வந்தது. “பரக்கத் தன் காலாலேயே நடந்து வருது. வேணாம்னா சொல்வாங்க?” என்று மச்சானுக்குப் பெருமை பிடிபடவில்லை. அங்கே புதரில் எவனோ கறிக்கு வைத்திருந்த கம்பிச் சுருக்கில் அதன் கழுத்து மாட்டி, நாங்கள் பார்ப்பதற்குள் செத்துப்போனது. பாழாய்ப்போனவன், எவன் என்று இன்றுவரை தெரியாது. மச்சான் அவனைத் திட்டுவதே இல்லை. “கம்பி வெச்சவன் வெச்சான் மாப்ள. கூட்டிட்டுப் போனது நான்தானே,” என்பார்.

இந்த வருடமும் மழை ஏமாற்றிவிட்டது. ஒற்றை மானுக்குக் காப்பகத்தில் புல் போதும், காவலும் உண்டு, மாடுகளுக்குப் போதாது. நேற்று மறுபடி ஆற்றுப் பக்கம் கிளம்பினோம். கிடாவும் கடைசி மாட்டின் பின்னால் சேர்ந்துகொண்டது. மச்சான் நின்றுவிட்டார். அவர் குனிவதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

“வேணாம் மச்சான். நாளைக்கு ஒரு மாடு செத்தாலும் ஊரே உங்களைத்தான் சொல்லும்.”

“சொல்லட்டும். அவங்க சொன்னா தாங்கிக்குவேன்.”

அக்கா மாடுகளை வேகமாக ஓட்டினாள். முதல் கல் கிடாவின் விலாவில் விழுந்தது. துள்ளி ஓடி, சற்றுத் தள்ளி நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு மெல்ல மந்தையை நோக்கி மறுபடி நடக்க ஆரம்பித்தது.

மச்சான் தோள்துண்டால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அதைவிடப் பெரிய கல்லாகப் பார்த்து எடுத்தார்.